நைனா கார் கத்துக்கின செலவு

மூன்று வாரமாக நான் ஆட்டோவில் வந்து இறங்குவதைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டீர்கள். “வந்துட்டாருபா ஜமீன்தாரு” என்றார் ஒருவர். “இன்னா மாமே, பேங்க்காரன் கணக்குல தப்பா போட்டுட்டானா?” என்றார் இன்னொருவர். திருவான்மியூர் கடற்கரையில் அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நமக்கு வேறு என்ன வேலை? பேசுங்கள். ஆனால் விஷயம் ஆட்டோ இல்லை. என் பேத்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அதற்கும் ஆட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல, நான் அறுபது வருஷம் பின்னால் போய்விட்டு வரவேண்டும். நம் வயசுக்காரர்களுக்கு அவசரம் ஏது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். பட்ஜெட் என்றாள். டிரைவிங் ஸ்கூல் பீஸ் ஒரு வரி. எல்.எல்.ஆருக்கு ஒரு வரி. டெஸ்ட்டுக்கு ஒன்று. முதல் தடவை தேறாவிட்டால் மறுபடி டெஸ்ட் எடுக்க, அதற்கும் ஒரு வரி. “போறதுக்கு முன்னாடியே பெயிலா?” என்றேன். “எதுக்கும் இருக்கட்டும் தாத்தா” என்றாள். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சாந்தோமுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், மாதா கோயில் மணி தெளிவாகக் கேட்கும் ஒரு சந்தில் இருந்தோம். கூரை வீடு. காற்று கடலிலிருந்து அடித்தால் சோற்றில் மணல் விழும். நைனா சைக்கிள் ரிக்ஷா ஓட்டினார். வண்டி சொந்தமில்லை, தினவாடகை. நல்ல நாளில் வாடகை போக மூன்று ரூபாய் நிற்கும். அது போக, மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து சாந்தோமில் கான்வென்ட்டில் விடுவார். பிள்ளைக்கு மாதம் ஐந்து ரூபாய், முப்பத்தைந்து. அதுதான் எங்கள் வீட்டில் நிச்சயமான காசு. சவாரிக் காசு மழை பெய்தால் வராது. பிள்ளைக் காசு மழை பெய்தாலும் வரும்.

அந்த வண்டி இன்னும் எனக்கு மூக்கிலேயே இருக்கிறது. மேல் மூடி எண்ணெய்த் துணி. வெயிலில் அது சூடாகி ஒரு வாடை வரும், பழைய நோட்டுப் புத்தகமும் மண்ணெண்ணெயும் கலந்தமாதிரி. பெரிய பிள்ளைகள் நாலு பேர் சீட்டில். எதிரே குறுக்குப் பலகை போட்டு, சின்னதுகள் மூன்று. மணி கணீர் என்று இருக்காது, ஜலதோஷம் பிடித்தமாதிரி அடிக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும், பின்னால் தேவைப்படும். சைக்கிள் ரிக்ஷா தானாகப் பின்னால் போகாது. பெடலை எந்தப் பக்கம் மிதித்தாலும் ஒன்றுதான். பின்னால் போகவேண்டும் என்றால் ஓட்டுகிறவன் கீழே குதித்து, முன்னால் போய், ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளவேண்டும். நைனா பதினைந்து வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

அடையாறில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவருடைய கார் ஒர்க்ஷாப்பில் இருந்த ஒரு வாரம் நைனாதான் அவரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏற்றிப்போனார். பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுகிறார் என்று அவருக்கு ஒரே திருப்தி. அவருடைய டிரைவர் பொங்கலோடு ஊருக்குப் போகிறாராம். “நீ லைசென்ஸ் எடுத்துண்டு வா. தை ஒண்ணாந் தேதிலேர்ந்து உனக்கு வேலை. நூத்தியிருபது ரூபா. ஆனா செருப்புப் போட்டுண்டு என் காரை ஓட்டப்படாது, ஷூ போடணும்” என்றார். நைனா இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “மாசாமாசமா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தோம். மாமாவும் வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. லாரியில் கிளீனராக இரண்டு வருஷம் போனவர். அதனால் மோட்டார் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் எங்கள் சந்தில் அவர் சொல்வதுதான். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், ஐந்தாவது வகுப்பு. போன மாதத்துக் கோயில் காலண்டர் தாளைக் கிழித்து, திருப்பிப் போட்டு, பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாளின் முன்பக்கத்தில் மாதா இருந்தாள். அழுத்தி எழுதினால் மாதா முகத்தில் பதியும் என்று அம்மா சொன்னதால் மெல்ல எழுதினேன்.

“எழுது” என்றார் மாமா. “தி.நகர்ல நம்ம தோஸ்த்து ஒருத்தன் ஸ்கூல் வச்சிக்கீறான். இருவது கிளாஸ். காலைல வந்தா அறுவது, சாயங்காலம் வந்தா எழுவது.”

“சாயங்காலத்துக்கு ஏன் பத்து ரூபா சாஸ்தி?” என்றாள் அம்மா.

“ஆபீஸ் ஆளுங்க வர்றாங்கக்கா. அவங்களாண்ட கறக்கறான்.”

“நாம இன்னா ஆபீசரா? காலைலயே எழுது.”

எழுதினேன். எல் போர்டுக்கு மூன்று. போட்டோவுக்கு நாலு. லைசென்ஸ், டெஸ்ட் எல்லாம் சேர்த்துப் பத்து. பழைய ஷூ ஆறு ரூபாய்க்குள் வாங்கித் தருகிறேன் என்றார் மாமா. கண் சர்ட்டிபிகேட் டாக்டரம்மாவே சும்மா எழுதித் தருவார். அப்புறம் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்குத் தினம் டீ, பன்.

“அது எதுக்குடா?” என்றார் நைனா. “பீஸ் கட்டறோம் இல்ல?”

“மச்சான், பீஸ் ஓனருக்கு. பன்னு மாஸ்டருக்கு. பன்னு துன்னாதான் அவரு கால்ல கீற பிரேக்க எடுப்பாரு. இல்லாட்டி இருவது நாளும் அவரேதான் வண்டி ஓட்டுவாரு, நீ ஸ்டேரிங்க புடிச்சிக்கினு வேடிக்க பாக்க வேண்டியதுதான்.”

டீ, பன், இருபது நாளைக்கு மூன்று ரூபாய். மொத்தம் எண்பத்தாறு. கூட்டி வட்டம் போட்டேன். காசு டப்பாவில் முப்பத்தொன்று இருந்தது. கிறிஸ்மஸ் துணிக்கு எடுத்து வைத்திருந்தது பதினைந்து. மீதி நாற்பதுக்கு அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா மூலையில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. நாலு நாளில் அது எடைக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக ரோடு போடுகிற இடத்திலிருந்து மாமா ஒரு தார் டிரம் கொண்டுவந்தார். எத்தனை தேய்த்தும் அந்த வருஷம் முழுக்க நாங்கள் குடித்த தண்ணீரில் தார் வாடைதான். காலையில் நீராகாரம் குடித்தால்கூட புது ரோட்டில் நாக்கை வைத்தமாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு கணக்கெல்லாம் முடிந்து தாளை மடிக்கும்போதுதான் நைனா கேட்டார்: “அது சரி, காலைல நான் கிளாசுக்குப் போனா புள்ளைங்கள யாரு இட்டாரது?”

மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அவர் வரமாட்டார் என்பது அதிலேயே தெரிந்தது. அம்மாதான் சொன்னாள்: “நான் இஸ்துக்கினு போறேன். மிதிக்கத்தானே தெரியாது, தள்ளத் தெரியாதா? இவன் பின்னால முட்டுக் குடுப்பான். இருவது நாளுதானே. நம்ம கையி காலுதானே, காசா பணமா?”

அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. அதில் தொகை இல்லையே, எப்படி எழுதுவது?

திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தோம். நைனா விடியும்போதே தி.நகருக்கு நடந்து போய்விடுவார். அம்மா ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் நடப்பாள். நான் பின்னால் தலையைக் குனிந்து தள்ளுவேன். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி சீட்டுக்கு அடியில் பெட்டியில் தூங்குவாள். நைனா கால் மணியில் போகிற தூரம் எங்களுக்கு முக்கால் மணி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்து, “தள்ளு தள்ளு தள்ளு” என்று பாட்டாகவே பாடுவார்கள். பின்னால் தள்ளுகிறவனுக்குத் தெருவே தெரியாது. எண்ணெய்த் துணியும், ஏழு ஜோடிக் காலும், சக்கரத்தில் ஒட்டிய சாணியும்தான் தெரியும்.

முதல் நாளே ஒரு வீட்டு மாமி வாசலில் நின்று கேட்டார்: “என்னடி இது, ரிக்ஷாவா, அறுபத்துமூவர் சப்பரமா? ஊர்வலம் முடிஞ்சு எப்ப போய்ச் சேருவா கொழந்தேள்?”

“நாளைலேர்ந்து முன்னாடியே வந்துர்றேம்மா” என்றாள் அம்மா.

முன்னாடியே போனோம். அப்படியும் கான்வென்ட் வாசலில் கடைசிப் பிள்ளையை இறக்கும்போது ஒன்பது அடித்துவிடும். என் பள்ளிக்கூடத்திலும் மணி ஒன்பதுக்குத்தான். ஓடுவேன். வாத்தியார் தினமும் ஒரே வார்த்தை சொல்வார்: “வந்துட்டாரு கலெக்டர். வெளியிலயே நில்லு.” ஒரு வாரம் வெளியில் நின்றேன். ஜன்னல் வழியாகப் பாதிக் கரும்பலகை தெரியும். அந்த வாரத்தில் நடத்திய பின்னக் கணக்கில் மேலே இருக்கிற எண்ணெல்லாம் எனக்குத் தெரியும், கீழே இருக்கிறது தெரியாது. இரண்டாவது வாரம் ஓடவில்லை. நடந்து கடற்கரைக்குப் போய், கட்டுமரம் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை. அவர்கள் கண்ணெல்லாம் கார் மேலே இருந்தது.

வீட்டுக்குள் அப்போது கார்தான். நைனா தரையில் மூன்று செங்கல்லை வரிசையாக வைத்து, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். கிளச், பிரேக், ஆக்சிலேட்டர். வலது கையில் முறம், அது ஸ்டேரிங். இடது பக்கத்தில் குழம்புக் கரண்டியைத் தேங்காய் ஓட்டில் நட்டு, கியர். அம்மா சமைக்க உட்கார்ந்து கரண்டியைத் தேடுவாள்.

“யோவ், கியர குடுய்யா, கொழம்பு அடிபுடிக்குது.”

“செகண்ட்ல கீறேன், இரு.”

ரோட்டுச் சின்னங்கள் அச்சடித்த ஒரு தாளை மாஸ்டர் கொடுத்திருந்தார். நான்தான் கீழே இருந்ததை வாசித்துச் சொல்லவேண்டும். குறுக்கே கோடு போட்ட ஹாரன் படத்தைக் காட்டி, “இது இன்னா நைனா?” என்று கேட்டால், “நாயனம். கல்யாண வூடு கீது, ஓரமா போ” என்பார். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டையில் பெட்ரோல் வாடையோடு நைனா வீட்டுக்குள் வருவார். அந்த வாடை எங்களுக்கு நூற்றிருபது ரூபாயின் வாடை.

பதினேழு கிளாஸ் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தி.நகர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மீதி மூன்று கிளாஸ்தான் ரிவர்ஸ் எடுக்கப் பழகுவதற்கு. “ரிவர்ஸ் இன்னா பெரிய வித்தையா? முன்னால போறவனுக்குப் பின்னால போகத் தெரியாதா? டெஸ்ட்டு அன்னிக்குக் காலைல பாத்துக்கலாம் வா” என்றாராம் மாஸ்டர். டெஸ்ட் அன்று காலையிலும் தூறல். மாஸ்டருக்குப் பன் வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

அந்த டெஸ்ட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். படிக்கிற சீட்டு ஏதாவது கொடுத்தால் வாசிக்க ஆள் வேண்டுமே. அன்றைக்கு எனக்கு அரைப்பரீட்சை. கணக்கு என்று நினைக்கிறேன். மைதானத்தில் சேறு. குடையோடு இன்ஸ்பெக்டர். நைனா புது ஷூ. புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு. ஒரு சைஸ் பெரிது, முன்னால் பேப்பர் அடைத்திருந்தது. ஆனால் காரில் ஏறியதும் நைனா வேறு ஆள் ஆகிவிட்டார். குலுங்காமல் எடுத்தார். எட்டு போட்டார். கையை வெளியே நீட்டி அழகாகத் திரும்பினார். மாமா என் தோளை அமுக்கி, “அடிச்சுட்டான்டா உங்க நைனா” என்றார்.

இன்ஸ்பெக்டர் குடைக்கு அடியிலிருந்து, “ரிவர்ஸ் எடு” என்றார்.

நைனா காரை நிறுத்தினார். கதவைத் திறந்தார். கீழே குதித்தார். சேற்றில் ஒரு ஷூ அப்படியே நின்றுவிட, ஒற்றைக் காலோடு முன்னால் ஓடி, இரண்டு கையையும் பானெட்டில் வைத்துத் தள்ள ஆரம்பித்தார்.

கார் நகரவில்லை. மைதானம் முழுக்கச் சிரித்தது. டீ விற்கிறவன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். இன்ஸ்பெக்டர்கூடக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், அதை மறைக்கவேண்டியதில்லை. நைனா தள்ளுவதை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்தார். அந்தக் கை யாருடையதோ என்பதுபோல.

அடுத்த டெஸ்ட் தை பிறந்த பிறகுதான். மறுபடி பணம். இன்னும் ஐந்து கிளாஸ். அம்மா மாதா படம் போட்ட தாளை எடுத்து விரித்தாள். அதில் இரண்டாவது டெஸ்ட் என்று வரியே இல்லை. டாக்டரம்மாவிடம் நைனா கூசிக் கூசிப் போய் நடந்ததைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, “தை இருபது வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குமேல என்னால ஆகாது” என்றார். மாஸ்டர் தன் பங்குத் தப்புக்கு ஐந்து கிளாஸ் சும்மா கொடுத்தார். பன் மட்டும் விடவில்லை. டெஸ்ட் பணத்துக்கு அம்மா பாத்திரம் தேய்க்கிற வீடுகளில் முன்பணம் வாங்கினாள். அந்த ஐந்து நாளும் நைனா பின்னால் போவதை மட்டுமே பழகினார். வீட்டில் வாளியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பி, அது சுளுக்கிக்கொண்டு தலைகாணி இல்லாமல் படுத்தார். நானும் அம்மாவும் வண்டியை நிறுத்தவில்லை.

இரண்டாவது தடவை தேறிவிட்டார். தை பதினெட்டாம் தேதி அடையாறில் வேலைக்குச் சேர்ந்தார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம்.

பிறகு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய வாத்தியார் ரிஜிஸ்தரைப் புரட்டி, “பேரை அடிச்சாச்சும்மா. பரீட்சையும் எழுதலை. ஜூன்ல கொண்டாந்து திரும்பவும் அஞ்சாவதுல போடு” என்றார். ஜூன் என்றால் அதற்கு நாலைந்து மாதம் இருந்தது. அதற்குள் எனக்குக் கால் எட்ட ஆரம்பித்திருந்தது. நின்றுகொண்டே மிதித்தால் ரிக்ஷா ஓடியது. நைனா காருக்குப் போய்விட்டார், ஏழு பிள்ளைகளைக் கைவிட யாருக்கு மனசு வரும்? முப்பத்தைந்து ரூபாய். ஜூன் வந்தபோது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

கணக்கு தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில் ஓட்டு வீட்டுக்குப் போனோம். சீட்டுக்கு அடியில் தூங்கிய தங்கச்சி டீச்சர் வேலைக்குப் படித்தாள். பித்தளை அண்டா மாதிரியே ஒன்று நைனா வாங்கிவந்தார். அம்மா அதில் தண்ணீர் பிடிக்கவேயில்லை, அரிசி கொட்டி வைத்தாள். காலண்டர் தாள் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

நைனா வேலையிலிருந்து நின்றபிறகு ஒருநாள் டாக்டரம்மா வீட்டிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. படிக்கச் சொன்னார். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருக்கும். எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

“இன்னாடா இப்பிடித் தத்தற? நீ ஸ்கூலுக்குப் போனவன்தானே?”

“நாலரை கிளாஸ் நைனா.”

“ஏன், யாரு உன்ன நிறுத்துனது?”

நிஜமாகவே கேட்டார். முகத்தில் கோபம்கூட இருந்தது, என்னை நிறுத்தியவன் மேலே. அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“யாரும் நிறுத்தல நைனா. வண்டி தள்ளப் போனேன்.”

“அது இருவது நாளுதானேடா.”

“ஆமா நைனா. இருவது நாளுதான்.”

கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கடுதாசியை முதலிலிருந்து படித்தேன்.

இப்போது பேத்தியின் கடைசி வரி. உங்களுக்குத் தெரியும், கண் ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் மெயின் ரோடைத் தனியாகத் தாண்ட முடியாது. தினம் காலையில் அவள்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து பெஞ்சில் விட்டுவிட்டு, திரும்பக் கூட்டிப்போவாள். அவளுக்கு டிரைவிங் கிளாசும் அதே நேரம்தான். போனில் பீஸ், எல்.எல்.ஆர், டெஸ்ட், மறு டெஸ்ட் எல்லாவற்றுக்கும் கீழே எழுதியிருந்தாள்: தாத்தா, ஆட்டோ, போக வர, இருபத்தாறு நாள்.

“இது எதுக்கு இதுல?” என்றேன். “ஒரு மாசம் பெஞ்சுக்குப் போகாட்டி நான் இன்னா செத்தா பூடுவேன்?”

“நான் கிளாசுக்குப் போறதாலதானே நீ வீட்ல உக்காரணும்? அப்போ அதுவும் நான் கார் கத்துக்கிற செலவுதான்” என்றாள் பேத்தி. போனிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. அதற்குக் கீழே மொத்தம் போட்டாள்.

ஆகவே ஆட்டோ. இன்னும் ஐந்து நாள் பாக்கி இருக்கிறது. நடுவில் ஒருநாள்கூட விடுவதாக இல்லை. ஜமீன்தார் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள், நான் பின் சீட்டில் நன்றாகச் சாய்ந்துதான் வருவேன்.